சுமக்கும் பசுவைப் பற்றியும் பேசு

அன்புத் தங்கைக்கு,

குளோன் மாட்டின் பாலையும் இறைச்சியையும் உண்ணலாமா என்று நுகர்வோர் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கால்நடை மருத்துவராக உனக்கு இது முதல் மேடை. அவசியம் போ. ஆனால் எதிர்த்துப் பேசினாலும், அந்தப் பாலில் நஞ்சு இருப்பதுபோல் மட்டும் பேசாதே.

2008 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் முடிவைச் சொன்னது. மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் குளோன்களிலிருந்து கிடைக்கும் உணவு, நாம் வழக்கமாக உண்பதைப் போலவே பாதுகாப்பானது என்றது. செம்மறி ஆட்டைப் பற்றிச் சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. அந்த நேர்மைக்காகவே அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஏறத்தாழ இதையே சொன்னது. கூடவே, குளோன் விலங்குகளின் உடல்நலம் கவலைக்குரியது என்றும் எழுதியது. நம் தொழில் தொடங்குவது அங்கேதான்.

குளோன் கரு சுமக்கும் பசுவுக்குச் சில சமயம் பனிக்குடத்தில் நீர் கோத்து வயிறு ஊதும். கன்று அளவு மீறி வளர்ந்து, வயிற்றைக் கீறி எடுக்க வேண்டி வரும். பிறந்த கன்றுகளில் சில மூச்சுக்குத் திணறும். வழக்கமான சினையைவிட இதிலெல்லாம் ஆபத்து அதிகம். 1996-இல் டாலி என்ற குளோன் செம்மறி ஆடு பிறந்தபோது இணைத்த கருமுட்டைகள் 277; உயிரோடு பிறந்தது அந்த ஒரே குட்டி. நம் நாட்டில் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த குளோன் எருமைக் கன்று சில நாளில் இறந்தது. ஜூனில் பிறந்த கரிமா என்ற குளோன் கன்று பிழைத்தது. முறை தேறியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் பிழைத்த கன்றின் படத்தைக் காட்டுபவர்கள் சுமந்த எருமைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அதை நீ பேசு. பிரசவ வலியில் கிடக்கும் மாட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, குளோனை யாரும் கறிக்காக வளர்ப்பதில்லை. அதன் விலை அப்படி. அதை வைத்திருப்பது விந்துக்கும் கருவுக்கும்தான். சந்தைக்கு வருவது அதன் வாரிசுகள். அமெரிக்காவில் குளோன் பசு ஒன்றிலிருந்து எடுத்த கருக்களில் பிறந்த காளைகளின் இறைச்சி பிரிட்டனில் உண்ணப்பட்டதை அதிகாரிகள் கண்டறிந்தது 2010-இல், உண்டு முடித்த பிறகு. இந்த வாரிசுகளை என்ன செய்வது என்ற இழுபறியில்தான் 2011 மார்ச்சில் உணவு விதிகள் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பேச்சுவார்த்தை முறிந்தது. உண்பவருக்குக் கெடுதல் இல்லை என்பதற்காக, எதிலிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போகாது. லேபிள் வேண்டும் என்பவரைப் பார்த்து, அறிவியல் தெரியாதவர் என்று சிரிக்காதே அம்மா.

குளோனிங்கை ஆதரிப்பவரும் அங்கே வருவார். அவரிடம் பாலின் புரதக் கணக்கைக் கேட்காதே. அதில் அவர் சொல்வதே சரியாக இருக்கும். எத்தனை பசுக்களில் கரு வைத்தீர்கள், எத்தனை கலைந்தன, எத்தனைக்குக் கத்தி வைத்தீர்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை கன்றுகள் நிற்கின்றன என்று கேள். பதிவேட்டோடு பதில் சொன்னால் சபையறிய அவரைப் பாராட்டு. சொல்லாவிட்டால் மறுபடியும் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்