உடலுக்கும் ஒரு ஹக்கு உண்டு



சென்ற மாதம் அம்பத்தூரில் ஜும்ஆ முடிந்ததும் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் என்னிடம் வந்தார். மகள் நர்ஸ். பட்டணத்து மருத்துவமனை ஒன்றுக்கு மின்சார ரயிலில் போய் வருபவர்.

“ஹஜ்ரத், முன்பெல்லாம் ஒரு நோயாளி மவுத்தானால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது மனம் மரத்துவிட்டது. வலியில் கூப்பிடுபவர்மீது எரிச்சல்தான் வருகிறது. உள்ளம் இளகட்டும் என்று திங்கள், வியாழன் நோன்பும் தஹஜ்ஜுதும் தொடங்கினேன், இன்னும் மோசமாகிறது. என் ஈமான் போய்விட்டதா?” என்று அழுதார்.

ஈமான் போனவர் அதற்காக அழமாட்டார். நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் இருந்த உருக்கம் வீட்டில் இல்லையே, நாம் முனாஃபிக்காகி விட்டோமோ என்று ஹன்ளலா (ரலி) அவர்களே அஞ்சினார்கள். உள்ளம் எப்போதும் ஒரே நிலையில் இராது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள்.

மருத்துவ உலகமும் இச்சோர்வை அறியும். நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்த உளவியல் அறிஞர் ஃபிராய்டன்பெர்கர், தம்மிடமும் உடன் ஊழியர்களிடமும் இதைக் கண்டு 1974-ல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றுதல், வேலையில் வெறுப்பு அல்லது விலகல், வேலைத்திறன் குன்றுதல். இதை அது நோயாகக் கொள்ளவில்லை. தணிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றது. ஆகவே காரணத்தை ஈமானில் தேடுவதை விட்டு, டியூட்டியிலும் தூக்கத்திலும் தேட வேண்டும்.

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். விருந்தாக வந்த ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள், அவர்களை உண்ண வைத்து, உறங்கவும் வைத்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி ஹக்கு உண்டு, அவரவர்க்குரியதைக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நாயகம் (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். இது புகாரி ஷரீஃபில் உள்ளது.

முஆத் (ரலி) அவர்கள் தம் வணக்கத்துக்கு நன்மை எதிர்பார்ப்பது போலவே தம் உறக்கத்துக்கும் எதிர்பார்த்தார்கள்.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. இரவு டியூட்டி முடித்தவர் ஃபர்ளை விடாமல் தொழுதுவிட்டு உறங்கட்டும். களைப்புத் தீரும்வரை நஃபில் நோன்பையும் தஹஜ்ஜுதையும் குறைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

2. பகலில் உறங்குபவரைச் சோம்பேறி என்னாதீர்கள். சமையலையும் விருந்தினரையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டு, லுஹருக்கு எழுப்பிவிடுங்கள்.

3. விடுப்போ டியூட்டி மாற்றமோ கேட்பது தவக்குலுக்கு விரோதமல்ல. சுமை அதே அளவில் இருந்தால் ஓய்வு மட்டும் போதாது.

4. தூக்கமே போய்விட்டாலும், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். 2022 முதல் அரசின் 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

படுக்கையில் கிடக்கும் மாமியாரை வருடக்கணக்கில் பராமரிக்கும் மருமகளுக்கும் இதுவே பொருந்தும். அவருக்கு மாற்றாள் யார் என்று வீட்டார் இன்றே பேசி முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், “நாளையிலிருந்து காலை நாஷ்டா என் பொறுப்பு, ஹஜ்ரத்” என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறர் துயர் துடைப்போரின் களைப்பை வல்ல நாயன் நீக்கியருள்வானாக! ஆமீன்.