நிரல் எழுதியவர் குழுவை நடத்தும்போது

கடந்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் என் முன்னாள் மாணவி ஒருவரைப் பார்த்தேன். ஆறு ஆண்டுகள் நிரலாளராக வேலை செய்தவர். இப்போது பத்துப் பேர் கொண்ட குழுவை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வாழ்த்துச் சொன்னேன், முகம் மலரவில்லை. "சார், மூன்று வாரமா ஒரு வரி நிரல்கூட எழுதல. காலையிலேர்ந்து கூட்டம், பேச்சு. சாயந்திரம் வீட்டுக்குப் போறப்போ இன்னிக்கு என்ன வேலை செஞ்சோம்னே தெரியல" என்றார்.

கணினித் துறைக்குப் போக விரும்பும் மாணவர்களே, இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் அவர்களுக்கு இடையே ஒரு தொடர்பு. மூன்று பேருக்கு மூன்று. ஐந்து பேருக்கு? பத்து. ஆட்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை வரும். பத்துப் பேருக்கு 10 × 9 ÷ 2 = 45. ஆட்கள் இரு மடங்கானால் தொடர்புகள் நான்கு மடங்குக்கும் மேலாகின்றன!

ஐபிஎம் நிறுவனத்தில் 1960-களில் ஒரு பெரிய இயங்குதளப் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கைத்தான் காட்டினார். தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே தலைவரின் முதல் வேலை, அந்த 45 தொடர்புகளும் தினமும் தேவைப்படாதபடி வேலையைப் பிரிப்பது. யார் எதைச் செய்வது, ஒருவர் முடித்தது இன்னொருவர் செய்ததோடு எந்த இடத்தில் எப்படிப் பொருந்துவது என்பதை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். என் மாணவி சலித்துக்கொண்ட கூட்டங்களில் பாதி இதற்காகத்தான் இருந்திருக்கும். மீதிப் பாதி வீண் என்றால் நானும் மறுக்கமாட்டேன்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1990-களில் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்தன. ஒருவர் அனுப்பிய மடலை அதே எழுத்துரு இல்லாதவர் திறந்தால் புரியாத குறிகள்தாம் தெரியும். இரண்டு நிரல்களுமே சரியாக இயங்கின. அவற்றுக்கிடையே உடன்பாடுதான் இல்லை.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கியவர். தாமே நிரல் எழுதியவர். பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்னும் பொதுக் குறியாக்கத்தை வகுத்தபோது அவரும் அதில் பங்கெடுத்தார். திஸ்கியில் 'அ' எழுத்துக்கு எண் 171. அந்த எண்ணை நிரலில் எழுத ஒரு விநாடி போதும். ஆளுக்கொரு எண் வைத்திருந்தவர்களை அதற்குச் சம்மதிக்க வைக்க எத்தனை மடல்கள் போயிருக்கும்! 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. அதிலும் அவர் தலைமைப் பொறுப்பு வகித்தார். 2001-ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. இன்று ஒருங்குறியில் 'அ' எழுத்துக்கு 2949. கிள்ளானில் தட்டச்சு செய்தாலும் கனடாவில் திறந்தாலும் அதே 'அ'.

தலைவரானவர் நிரலை அடியோடு விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன். கைப்பழக்கம் போய்விட்டால், "இதற்கு இரண்டு வாரம் ஆகும்" என்று ஒருவர் சொல்வது நியாயமா என்று கணிக்க முடியாது. ஆனால் மற்றவர்கள் காத்திருக்கும் முக்கியப் பகுதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. கூட்டத்தில் இவர் மாட்டிக்கொண்டால் ஒன்பது பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். பிறர் எழுதியதைப் படித்துத் திருத்துவதும், சிறு கருவிகளை எழுதுவதும் பொருத்தமான வேலைகள். பிடிக்காவிட்டால் திரும்பி வரவும் வழி உண்டு. ஸோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டுத் தலைமை அறிவியலாளராக ஆய்வுப் பணிக்குப் போனார்.

வீட்டில் ஆப்பிள் கணினி இருந்தால் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒன்று இருக்கும். அந்த 'எம்என்', முத்து நெடுமாறன் பெயரின் முதலெழுத்துகள். இதைச் சொன்னதும் என் மாணவி அங்கேயே தம் மடிக்கணினியைத் திறந்து தேடத் தொடங்கிவிட்டார்.