வெறும்பாத்திரம் கேட்டு வாங்குங்கள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையின் ஞானஸ்நான வகுப்புக்கு இந்த வருஷம் பதினோரு பேர். போன ஞாயிறு வகுப்பு முடிந்தும் மூன்று பேர் போகாமல் நின்றார்கள். ஒரு தம்பிக்கு வேலை போய் நாலு மாசம். ஒரு மகளுடைய அப்பா கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மூன்றாவது ஆள் வாயே திறக்கவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்னு எல்லாரும் சொல்றாங்க அங்கிள். எப்படிப் பார்த்துக்கொள்வார்?" என்று தம்பி கேட்டான். எழுபத்திரண்டு வயதாகியும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன்.

1. முதலில் ஒரு தாளை எடுத்துக் கடன் கணக்கை எழுதுங்கள். வாடகை, சீட்டுப் பாக்கி, நகைக்கடன், மனைவிக்குத் தெரியாமல் செல்போன் ஆப்பில் வாங்கினது, எல்லாவற்றையும். ராத்திரி தூங்கவிடாமல் அடிப்பது தொகை தெரியாத பயம்தான். பிரிஸ்டல் நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் யாரிடமும் பணம் கேட்டதில்லை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். வந்த ஒவ்வொரு காசையும் அவர் நோட்டில் ஏற்றி வருஷா வருஷம் அச்சிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. முல்லருடைய மைத்துனர் குரோவ்ஸ் நம் பக்கம் சித்தூரில் ஊழியம் செய்தவர். அவரிடம் பயின்ற நம்மவர்தான் திருநெல்வேலிச் சீமை அருளப்பன். மிஷன் சம்பளம் இல்லாமலே வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். இப்படிப்பட்டவர்கள் கணக்குத் தெரியாத பரதேசிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தை இன்று இரவே வாசியுங்கள். ஒருத்தியின் புருஷன் செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய். இந்தக் கதையில் எண்ணெய் பெருகினதைத்தான் நாம் பேசுகிறோம். எலிசா தீர்க்கதரிசி அதற்கு முன்னால் அவளைச் செய்யச் சொன்னதைப் பாருங்கள்: அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் போய் வெறும்பாத்திரம் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே. நம் தெருவில் ஒரு விதவை வீடு வீடாகப் போய்க் காலிப் பாத்திரம் கேட்டால் என்ன ஆகும்? இவள் வீட்டில் ஒன்றுமில்லை என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வெட்கத்தைத் தாண்டின பிறகுதான் எண்ணெய் வந்தது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றது. எத்தனை கதவைத் தட்டினாளோ அத்தனை எண்ணெய்.

அப்புறம் ஒன்று. எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மிச்சத்தில் பிள்ளைகளோடு ஜீவனம் பண்ணு என்றும் சொன்னார். அதுவும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

3. கொடுப்பதற்கு மட்டுமல்ல, வாங்கிக்கொள்வதற்கும் விசுவாசம் வேண்டும். இதை நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில், பத்து வயதில் பார்த்தேன். அம்மா சோறு பொங்கும்போதெல்லாம் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஒரு வருஷம் அப்பா காய்ச்சலில் விழுந்து ஆறு வாரம் சுரங்கத்துக்கு இறங்கவில்லை. பாட்டிலில் அரிசி இருந்தது, அம்மா தொடவில்லை. கஞ்சியை இன்னும் நீர்க்க வைத்தாள். ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு சாயங்காலம் துணிப்பையோடு வந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று என்னைத் தள்ளினாள். நானும் சொன்னேன். ஐயரம்மா கதவுக்குக் கீழே தெரிந்த அம்மாவின் காலைப் பார்த்தார்கள். பையை வாசற்படியில் வைத்துவிட்டு, "அம்மா வந்ததும் இதிலே அவங்க போட்டதும் இருக்குன்னு சொல்லு" என்றார்கள். பையில் புழுங்கலும் பச்சரிசியும் கலந்து கிடந்தன, நாற்பது வீட்டு அரிசி. ஒரே மாதிரி வேகவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டாள். கர்த்தர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டாயே தம்பி, நான் நேரில் பார்த்தது இவ்வளவுதான்.

4. படியளப்பவர் அன்றன்றைக்குத்தான் அளப்பார். வனாந்தரத்தில் மன்னா தலைக்கு ஓர் ஓமர், மறுநாளைக்கு வைத்தது புழுத்துப்போனது. தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது என் தம்பியின் மகள் மூன்றாம் வகுப்பு. "இவளை ஆளாக்கப் பதினைந்து வருஷம் ஆகுமே, அதுக்கு எங்கே போவேன்?" என்று என்னைப் போட்டு உலுக்கினான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் காவல் வேலை பார்த்து, ராத்திரி திரும்புவான். அந்த ரயில் முழுக்க அவனைப்போல் ஆட்கள், மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். பதினைந்து வருஷத்துப் பணம் ஒருநாளும் மொத்தமாக வரவில்லை. மகள் நர்சிங் முடித்துவிட்டாள்.

5. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை லாட்டரிச் சீட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுக்கலாம் என்று எவராவது மைக்கில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாடகைக் காசைக் காணிக்கைப் பையில் போடாதீர்கள். சபை மூப்பராக இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று எங்கள் பொருளாளர் கேட்பார். கேட்கட்டும்.

6. கேரீத் ஆற்றங்கரைக்கு எலியாவை அனுப்பினவர் கர்த்தர்தான். அந்த ஆறும் வற்றியது. ஆகவே வேலை போனதும் எங்கோ பாவம் செய்துவிட்டோம் என்று தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். மழை இல்லை, ஆறு வற்றியது, அவ்வளவுதான். அடுத்த இடமாக எலியாவுக்குக் கிடைத்தது சாறிபாத்தில் ஓர் ஏழை விதவையின் அடுப்படி. அவள் பானையிலிருந்த மாவு நிரம்பி வழிந்ததாக எங்கும் இல்லை. செலவழிந்துபோகவில்லை, அது மட்டும்தான் எழுதியிருக்கிறது.

7. இது அப்பாவுக்காக ஜெபிக்கிற மகளுக்கு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இந்தியாவில் முதலில் ஊழியம் செய்ய வந்தது நம் பெங்களூருக்குத்தான், 1895இல். பிறகு திருநெல்வேலிக்குப் போய், 1901 முதல் கைவிடப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பணத்துக்காக மனுஷரிடம் கையேந்துவதில்லை என்பது அவர்கள் விதி. அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு வந்தது. 1931இல் அவர் விழுந்து அடிபட்டார். அவர் குணமாக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், குணமாகவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையோடு முடங்கிக் கிடந்தார். ஒரே ஆள், ஒரே விசுவாசம். சோற்றுக்குக் கிடைத்த பதில் உடம்புக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உன்னிடம் பேச வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடு. டாக்டர் எழுதின மாத்திரையை எந்தத் தீர்க்கதரிசி சொன்னாலும் நிறுத்தாதே.

8. பட்டினியால் சாகிறவர்களும் உண்டு, இதை மறைத்துவிட்டு விசுவாசம் பேசக்கூடாது. நம் கர்நாடகத்து மலைக்காட்டில் 1858இல் பிறந்த பண்டித ரமாபாய் இளவயதில் கிறிஸ்தவர் அல்ல. 1870களின் பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரையும் பறிகொடுத்தார். அவர்கள் செய்யாத பூஜையா, போகாத தீர்த்தமா? 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அங்கே போய்ப் பசியில் கிடந்த விதவைகளையும் சிறுமிகளையும் கூட்டிவந்து புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவுனில் வைத்துக் காப்பாற்றியவர் அவர்தான். பசி எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

9. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஒரு தூக்குச்சட்டி எடுத்துவாருங்கள். வெறும் சட்டி. ஆன்ட்டி அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் வைப்பாள், அவளுக்கு அளவாக வைக்கவே தெரியாது.