டிரெய்லர் இழுக்க டீசல் பிக்கப்: புக் பண்றதுக்கு முன்னாடி 4 கணக்கு

அடையாறில் வீடு, கைக்கு வர்ற சம்பளம் 80,000. நண்பர்களோட சேர்ந்து வாங்கின பழைய ரேஸ் காரை மாசம் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு டிரெய்லரில் இழுத்துட்டுப் போகணும். "இசுசு வி-கிராஸ் வாங்கிடலாமா?"ன்னு யோசிக்கிறீங்களா? முதல்ல இந்த 4 கணக்கைப் போடுங்க.

1. எடை
டிரெய்லர் 400 கிலோ, கார் 800 கிலோன்னா மொத்தம் 1,200. இதில் சுமார் 10%, அதாவது 120 கிலோ, பிக்கப்பின் கொக்கி மேல இறங்கணும். குறைஞ்சா வேகத்துல டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். அந்த 120 கிலோவும் உங்க வண்டி சுமக்கிற பாரம்தான். ஆட்கள், சாமானோட சேர்த்துக் கணக்கு பண்ணுங்க. வெளிநாட்டு வீடியோவில் சொல்ற 3.5 டன்னை நம்பாதீங்க. இந்திய மாடலோட மேனுவலைப் பாருங்க.

2. டார்க்
பாரத்தோட மேம்பாலம் ஏற, குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிற இழுவைதான் முக்கியம். டீசலின் பலமே அதுதான். வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மிலேயே 360 நியூட்டன் மீட்டர் தருது. ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 500. நம்ம 1,200 கிலோவுக்கு 360 போதும். மிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

3. ஊர்
பிஎஸ்-6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. அந்தக் கரி எரிய, சீரான வேகத்துல கொஞ்ச தூரம் ஓடணும். தினமும் மயிலாப்பூர், தி.நகர் டிராபிக்ல மட்டும் ஊர்ந்தா ஃபில்டர் அடைச்சுக்கும். வண்டி நீளம் வேற சுமார் 5.3 மீட்டர். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்கை டேப் வெச்சு அளந்துட்டீங்களா?

4. இஎம்ஐ
20 லட்சம் கடன், 9.5% வட்டி, 7 வருஷம்: மாசம் சுமார் 32,700. சம்பளத்துல 41%! வட்டி மட்டுமே 7.46 லட்சம். டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதுக்கும் தனிப் பதிவு வேணும்.

முடிவு என்ன?
மாசம் ஒரே தடவை இழுத்தா, அந்த ஒரு டிரிப்போட விலை 32,700 ரூபாய். ஓட்டுநரோட ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்க 6,000 ஆகுதுன்னே வைங்க. மாசம் 26,700 மிச்சம். அதை எஸ்ஐபில போடுங்க.

வாரம் மூணு நாள் இழுக்கிற தொழில் இருந்து, அந்த வருமானமே இஎம்ஐயைக் கட்டும்னா தாராளமா வாங்குங்க. இல்லேன்னா ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு மாசம் முப்பது நாளும் உழைக்க வேண்டியிருக்கும்.