மலைநாட்டுப் பாதைக்கு மட்கார்ட்: பொருத்துவதும் கழன்றுபோகாமல் காப்பதும்

காரின் சில்லுகளுக்குப் பின்னால் தொங்கும் மட்கார்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. சில்லு வாரியெறியும் சேறும் சல்லியும் காரின் அடித்தகட்டிலும் கதவின் கீழ்விளிம்பிலும் அடிக்காமல் தடுப்பது ஒன்று. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மீதும், பாதையோரம் கொழுந்துக்கூடையோடு நடப்பவர் மீதும், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மீதும் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. குழியில் தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் அடிப்பதை மட்டும் எந்த மட்கார்டும் தடுக்காது. அதற்கு வேகத்தைக் குறைப்பதே வழி.

நோட்டன் பிரிட்ஜ், மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கெஹெல்கமு ஓயாவை ஒட்டிய ஊர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் நேராக வந்து மோதுகிறது. அண்டை ஊரான வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான் பாயும் நாட்களில் தோட்டத்துக் கிளைப்பாதைகள் செம்மண் குழம்பாகிவிடும். டிசெம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பருவத்தின் நடுவே, ஜனவரி முதல் மார்ச் வரை, மழை ஓரளவு ஓய்ந்திருக்கும். மட்கார்ட் பூட்டுவதற்கு அதுவே வசதியான காலம். துளையிட்ட இடத்தில் பூசும் பெயின்ற் காய்வதற்கு ஈரமில்லாத ஒரு பகல் வேண்டும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். குறிப்பிட்ட மாதிரிக்கென அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மட்கார்ட் ஒன்று. எந்தக் காருக்கும் வெட்டிப் பொருத்தக்கூடிய தட்டை இறப்பர் மற்றொன்று. வார்த்தது காரின் வளைவோடு ஒட்டி அழகாக உட்காரும், ஆனால் கல்லில் இடித்தால் உடையும். தார்ப்பாதையிலேயே ஓடும் காருக்கு அது போதும். லயத்துப் பாதையில் ஏறி இறங்கும் காருக்கு, மடங்கி மீளும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பரே மேல். ஆணி, நட், வாஷர் மூன்றும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு ஆணி இந்த ஈரத்தில் துருவேறி இறுகிவிடும். பிறகு கழற்ற முயன்றால் தலை முறிந்து கையோடு வரும்.

முதல் வேலை, காரைச் சமதரையில் நிறுத்துவது. நோட்டன் பிரிட்ஜில் அது சொல்வதுபோல் சுலபமில்லை. சரிவில் ஜக் அடிப்பது ஆபத்து என்பதால், ஸ்டோர் முற்றம் போன்ற இடத்தைத் தேடிப் போவதில் தவறில்லை. கைப்பிரேக்கை இழுத்து, தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டை கொடுக்க வேண்டும். முன்சில்லுகளைப் பெரும்பாலும் கழற்றத் தேவையில்லை; ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் கை நுழைய இடம் கிடைக்கும். பின்சில்லைக் கழற்றுவதானால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கிய காரை ஜக் ஸ்டாண்டில் இருத்தாமல், ஜக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக்கூடாது.

அடுத்து, சில்லு வளைவின் உள்விளிம்பைத் தண்ணீராலும் பிரஷ்ஷாலும் கழுவித் துடைக்க வேண்டும். காய்ந்த செம்மண்ணுக்கு அடியில் கம்பனியே விட்ட துளைகள் மறைந்திருக்கும். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பிளாஸ்டிக் கிளிப்போ ஸ்குருவோ அங்கே ஏற்கெனவே இருக்கும். அவை பொருந்தினால் புதிதாகத் துளையிட வேண்டியதே இல்லை.

பிறகு மட்கார்டைப் பூட்டாமல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்படக்கூடாத கட்டம் இது. இந்தப் பாதைகளில் மட்கார்ட் பெரும்பாலும் பிய்வது முன்னோக்கிப் போகையில் அல்ல, பின்னெடுக்கையில்தான். குறுகிய பாதையில் எதிரே பஸ் வந்துவிட்டால் கார் பின்வாங்கும். சில்லு ஒரு கல்லிலோ கானின் கொங்கிறீற் விளிம்பிலோ ஏறும். நீளமாகத் தொங்கும் இறப்பர் இடையில் சிக்கி ஆணியோடு கிழிந்து வரும். ஆகவே உயரத்தை வெறுங்காரில் அளக்காமல், பின்னிருக்கையில் ஆட்களை உட்காரவைத்து, டிக்கியில் பாரம் ஏற்றி அளக்க வேண்டும். அந்த நிலையில் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் 12 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே 5 சென்ரிமீற்றராவது வேண்டும். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே துளைக்கான அடையாளம் இட வேண்டும்.

துளையிடுமுன் தகட்டின் மறுபக்கத்தைத் தடவிப் பார்ப்பது கட்டாயம். பிரேக் குழாய், வயர்கள், பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்கு இறங்கும் குழாய் ஆகியவை பின்சில்லு வளைவை ஒட்டியே போகலாம். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் ட்ரில்லைக் கொண்டுபோகவே கூடாது. இடம் பத்திரமானதென்றால், ஆணியால் சிறு குழி தட்டி, 3 மில்லிமீற்றர் அலகால் முதல் துளையிட்டு, பிறகு ஆணியின் அளவுக்குப் பெரிதாக்கலாம். துளையின் பிசிரை அரத்தால் நீக்கி, வெற்றுத்தகடு தெரியும் இடமெல்லாம் துருத்தடுப்புப் பெயின்ற் பூசிக் காயவிட வேண்டும். இதைத் தவிர்த்தால், சேற்றிலிருந்து காரைக் காக்கப் பூட்டிய பொருளே அதன் தகட்டை அரிக்கத் தொடங்கும்.

பூட்டும்போது, காரின் பெயின்ற் மீது மட்கார்டின் விளிம்பு படும் இடத்தில் தடிப்பான ஒட்டுநாடா ஒட்டுவது நல்லது. இடுக்கில் புகும் மணல் நாளடைவில் பெயின்றைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று ஆணிகள் போதும். ஆணித்தலைக்கும் இறப்பருக்கும் நடுவே அகன்ற வாஷர் இல்லாவிட்டால் தலை இறப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பின்னால் கை எட்டும் இடத்தில் நைலோன் வளையமுள்ள நட் பூட்டினால் அதிர்வில் தளராது. எல்லா ஆணிகளையும் முதலில் பாதியளவு முறுக்கி, மட்கார்டை நேராக்கிய பிறகு இறுக்க வேண்டும். இறப்பர் பிதுங்கத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம். கழற்றிய சில்லின் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகப் பூட்டி, காரை இறக்கிய பின் மீண்டும் அதே வரிசையில் இறுக்க வேண்டும்.

சுமார் 100 கிலோமீற்றர் ஓடியதும் மட்கார்ட் ஆணிகளையும் சில்லு நட்டுகளையும் ஒருமுறை சோதிப்பது அவசியம். மழைக்காலத்தில் மட்கார்டின் உட்புறம் அடைந்திருக்கும் சேற்றை வாரத்துக்கொரு முறை கழுவிவிட வேண்டும். ஈரமண் தேங்கும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். வழியில் ஓர் ஆணி போய் மட்கார்ட் ஒரு பக்கமாகத் தொங்கினால், அப்படியே ஓட்டிப் போகாமல் முழுவதும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் இறப்பர் சில்லில் சிக்கினால் மட்கார்டோடு பம்பரின் ஓரமும் சேர்ந்து போய்விடும்.