ஒரே டேப்லெட், நாலு பேர்



இன்றைய பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டு டேப்லெட்டின் பூட்டு எண் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாசாயில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அக்கா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மாலையில் பாட்டி அதில் தேவாரம் கேட்கிறார். இரவில் படிவம் இரண்டு படிக்கும் தம்பி கேம் விளையாடுகிறான். விடுமுறையில் ஊருக்குப் போனால், அப்பாவின் பையில் அதே டேப்லெட்.

“டேய், அதுல என் ஆபீஸ் கணக்கு இருக்கு. எதையும் தொட்டுடாத!”

“சரிக்கா, கேம் மட்டும்தான்.”

தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டின் நடுவே வந்த விளம்பரத்தைத் தொட்டால் என்ன ஆகும், தெரியாமல் ஒரு மின்னஞ்சலை அழித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது.

அடைக்கலப் பொருள்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். பிறர் நம்பிக் கொடுத்ததைக் காப்பது நம் மரபில் அவ்வளவு பெரிய கடமை. அக்காவிடம் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களும் அப்படித்தான். அவை அவருடைய சொத்து அல்ல, அடைக்கலம். சட்டமும் இதையே சொல்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010-இலும் சிங்கப்பூரில் 2012-இலும் இயற்றப்பட்டது. ஆகவே முதல் வேலை, சொந்தக் கருவியில் அலுவலக வேலை செய்யலாமா என்று மேலாளரிடம் கேட்பது.

ஆளுக்கொரு அறை

ஆண்ட்ராய்டு டேப்லெட் பலவற்றில் ‘பல பயனர்’ வசதி உண்டு. அமைப்புகளில் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு திறந்தால் மின்னஞ்சல், படங்கள், செயலிகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். தம்பியின் அறையிலிருந்து அக்காவின் அறை தெரியாது.

வீட்டு ஐபேடில் இந்த வசதி இல்லை. அதனால் அலுவலக மின்னஞ்சலை அதில் நிரந்தரமாக வைக்காதீர்கள்; வேலை முடிந்ததும் வெளியேறிவிடுங்கள். தம்பியிடமோ பாட்டியிடமோ கொடுக்கும்போது ‘கைடட் ஆக்செஸ்’ வசதியைப் போட்டுக் கொடுங்கள். ஒரே செயலி மட்டும் திறந்திருக்கும்.

“எங்ககிட்ட உனக்கு என்ன ரகசியம்?” என்று அம்மா கேட்கலாம். கோபப்படாமல் சொல்லுங்கள்: “ரகசியம் இல்லம்மா. இது அடுத்தவங்க பொருள்.”

பூட்டு

நான்கு இலக்க எண்ணில் 10,000 வாய்ப்புகள்தான். ஆறு இலக்கமானால் 10 இலட்சம். பிறந்த தேதியும் வண்டி எண்ணும் வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: யாருடைய விரல் ரேகை பதிந்திருக்கிறதோ, அவரால் பூட்டைத் திறக்க முடியும். அக்காவின் கணக்கில் தம்பியின் விரல் எதற்கு?

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். பாட்டிக்கு இதை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்.

பயணத்துக்கு முன்

2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரில் போகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். குடும்பத்துக்கே ஒரே குறியீடு எடுக்கலாம். வசதிதான், ஆனால் எல்லாருடைய கடப்பிதழ் விவரமும் ஒரே கருவியில் சேர்ந்துவிடுகிறது. அந்தச் செயலியைப் பொது டேப்லெட்டில் வைக்காமல் ஒரு பெரியவரின் கைப்பேசியில் மட்டும் வையுங்கள்.

புறப்படும் முன் நான்கு வேலை: மென்பொருளைப் புதுப்பியுங்கள், படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள், பயணத்துக்குத் தேவையில்லாத கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். பூட்டிய திரையில் வங்கிக் குறுஞ்செய்தி தெரியாதபடி அறிவிப்புகளையும் மறையுங்கள்.

தொலைந்துவிட்டால்

லார்க்கின் பேருந்து நிலையத்தில் மறந்து வைத்துவிட்டீர்களா? திட்டு விழுமே என்று ஒளிக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள். வேறு கருவியிலிருந்து அதைப் பூட்டுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். அக்காவும் அன்றே அலுவலகத்தில் சொல்லட்டும். மோசடியில் பணம் போயிருந்தால் உடனே வங்கியையோ தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உண்மையைச் சொன்ன பிள்ளையை முதலில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த டேப்லெட்டில் யார் யாருடைய பொருள் இருக்கிறது? அவற்றில் பிறர் நம்பிக் கொடுத்தது எது? இன்று இரவே இது தொலைந்தால் முதலில் யார் பாதிக்கப்படுவார்? பதில்களை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பூட்டு எண்ணை மட்டும் எழுத வேண்டாம்!