காற்றைச் சுத்தமாக்கும் செடிகள்: பூனை, நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை

எந்த நர்சரிக்குப் போனாலும் ‘ஏர் ப்யூரிஃபையர்’ செடிகளுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிராசினா, கற்றாழை என்று வரிசையாக நிற்கும். இந்த ஐந்துமே பூனைக்கும் நாய்க்கும் ஆகாதவை. சரி, காற்றையாவது சுத்தம் செய்கின்றனவா என்றால், அதுவும் நாம் நம்பும் அளவுக்கு இல்லை.

நம்பிக்கை: நாலு தொட்டி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லிவிட்டது.

நாசா ஆய்வு நடந்தது உண்மை. பில் வோல்வர்ட்டன் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் அறிக்கை 1989இல் வந்தது. ஆனால் சோதனை நடந்த இடம் வீடு அல்ல, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி. அதற்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். விண்வெளி நிலையம் மாதிரி அடைத்துக் கிடக்கும் இடத்தை மனதில் வைத்து எழுந்த கேள்வி அது. வாயுவைக் குறைத்ததில் வேரைச் சுற்றிய மண்ணுக்கும் நுண்ணுயிர்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

நம் வீடு மூடிய பெட்டி இல்லை. ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் காற்று ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வாரிங், பிரையன் கம்மிங்ஸ் இருவரும் பழைய சோதனை முடிவுகளைத் திரட்டி 2019இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும். பத்துக்குப் பத்து அறை என்பது ஒன்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மிகக் குறைந்த கணக்கிலேயே 90 தொட்டிகளுக்கு மேல் அடுக்க வேண்டும்.

நம்பிக்கை: ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தரும்.

அது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கிச் சேமிக்கும். ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சம் பட்ட பிறகுதான். அதன் இலையில் சப்போனின் இருக்கிறது. கடித்த பூனைக்கும் நாய்க்கும் வாந்தி, பேதி வரும்.

நம்பிக்கை: மணி பிளான்ட் ஊரெல்லாம் இருக்கிறது, அது என்ன செய்துவிடும்?

கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாக்கும் தொண்டையும் காறுகிறதே, அதற்குக் காரணம் கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிப் படிகங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா எல்லாமே அதே சேம்புக் குடும்பம். இலையைக் கடித்ததும் அந்த ஊசிகள் வாய்த்தோலில் குத்தி இறங்கும். நாம் புளி ஊற்றி வேகவைத்துச் சாப்பிடுகிறோம். நாய்க்குட்டி பச்சை இலையை அப்படியே மெல்கிறது. எச்சில் ஒழுகும், முன்காலால் வாயைத் தேய்க்கும், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே விலகிப்போகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்த வலி சாதாரணமானதும் இல்லை.

நம்பிக்கை: பீஸ் லில்லியே கொல்லாது என்றால், மற்ற லில்லியும் அப்படித்தான்.

இந்தப் பத்தியில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பீஸ் லில்லி பெயரளவில்தான் லில்லி. பூங்கொத்தில் வரும் ஏஷியாட்டிக், ஓரியண்டல் லில்லிகளும் தோட்டத்து டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியவை. இலை, இதழ், தண்டு மட்டுமல்ல; ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். முதலில் வாந்தி எடுத்துச் சோர்ந்து படுக்கும். பிறகு தேறியது போலத் தெரியலாம். அதை நம்பிக் காத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பூங்கொத்து வரவே கூடாது.

நம்பிக்கை: எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று மிருகத்துக்குத் தெரியும்.

அரளி இலையைத் தின்று மாடும் ஆடும் சாகின்றன. மேய்ந்தே வாழ்கிற அவற்றுக்கே தெரியாதபோது, நாலு சுவருக்குள் வளரும் நாய்க்கு எப்படித் தெரியும்? சைகஸ் என்று விற்கும் சேகோ பாமையும் இங்கே சொல்லியாக வேண்டும். பார்க்கப் பனைக்குட்டி போல் இருக்கும். பனை இனமே அல்ல. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை எல்லாவற்றையும்விடக் கொடியது. நாய் தின்றால் கல்லீரல் கெட்டு இறந்துவிடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? அரேகா பாம், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாதியா, பெப்பரோமியா ஆகியவை பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லாதவை. அஸ்பராகஸ் ஃபெர்ன் என்று ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். அது ஃபெர்னும் இல்லை, பாதுகாப்பானதும் இல்லை. செடியை அழகுக்காகவும் மனசுக்காகவும் வையுங்கள்.

காற்றுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் நாயும் பூனையும் அந்தப் புகைக்கு அருகிலேயே மூச்சு விடுகின்றன. சுருளுக்குப் பதில் ஜன்னலில் கொசுவலை அடியுங்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஊதுவத்தி ஏற்றினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

செடி வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பெயரோடு நிற்காமல் அதன் தாவரவியல் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பூனையோ நாயோ எதையாவது கடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீரைப் புகட்டாதீர்கள். அதுவே உயிரை எடுத்துவிடும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, கடித்த இலையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.